வெற்றிடக் குழலுக்கு இன்னும் வேலை இருக்கிறது: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ராடார் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, ‘கிளைஸ்ட்ரான், மேக்னட்ரான் போன்ற வெற்றிடக் குழல்கள் இன்றும் ஆராய்ச்சிக்கூடங்களில் உழைத்துக்கொண்டிருக்கின்றன’ என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். காற்றை நீக்கிய குழலுக்குள் எலக்ட்ரான்களை ஓடவிட்டு நுண்ணலையை (மைக்ரோவேவ்) எழுப்பும் அல்லது பெருக்கும் கருவிகள் இவை. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இம்முறை அதிகம். கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் நுண்ணலைக் கருவிகளோடு பணிக்காலத்தைக் கழித்தவன் நான். எனவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் இந்தப் பொருளுக்கே ஒதுக்கிவிட்டேன்.

எங்கள் ஆய்வகத்தில் இருக்கும் ரிஃப்ளெக்ஸ் கிளைஸ்ட்ரான் மேசையை எடுத்துவிட்டு கன் டயோடு வைக்கப்போகிறார்கள். ‘வால்வு (வெற்றிடக் குழல்) காலம் முடிந்துவிட்டது, அதைப் படித்து என்ன ஆகப்போகிறது?’ என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– எம்.எஸ்சி. இயற்பியல் மாணவி, திண்டுக்கல்

நுண்ணலை தரும் சிறு செமிகண்டக்டர் கருவியான கன் டயோடு வரட்டும், நல்லது. ஆனால் கிளைஸ்ட்ரானை எடுக்க வேண்டாம் என்று உங்கள் துறைத் தலைவரிடம் என் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

உங்கள் மேசையில் இருப்பது பெரும்பாலும் 2கே25 வகைக் குழலாக இருக்கும். கட்டைவிரல் அளவுக்குச் சற்றுப் பெரிய உலோகக் குழல். தலையில், எலக்ட்ரான்களைத் திருப்பி அனுப்பும் ரிப்பெல்லர் என்ற தகட்டுக்கான தொப்பி, பக்கவாட்டில் அதிர்வெண்ணை மாற்றும் திருகு. அடியில் உள்ள ஊசிகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட நீண்டு, தாங்கியின் துளை வழியாக, அலையைக் கொண்டுசெல்லும் உலோகக் குழாயான வேவ்கைடுக்குள் இறங்கியிருக்கும். நுண்ணலை வெளியே வருவது அந்த ஊசி வழியாகத்தான். இந்தக் குழலுக்கு நாம் கொடுப்பது 300 வோல்ட். அந்த 300 வோல்ட்டில் எலக்ட்ரான் நொடிக்கு ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் 10 கிகாஹெர்ட்ஸ் (நொடிக்கு 1,000 கோடி அதிர்வு) அலை ஒரு சுற்றை முடிப்பதற்குள் அந்த எலக்ட்ரான் கடக்கும் தூரம் ஒரே ஒரு மில்லிமீட்டர். பழைய ரேடியோ வால்வு இந்த அதிர்வெண்ணில் தோற்றுப்போவது இதனால்தான். எலக்ட்ரான் மறுமுனையைச் சேர்வதற்குள் மின்புலம் திசை மாறிவிடுகிறது.

1937-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் வேரியன், சிகர்ட் வேரியன் என்ற சகோதரர்கள் இந்தத் தாமதத்தையே கருவியாக்கினார்கள். சிகர்ட் விமான ஓட்டி. இருட்டிலும் மேகத்திலும் விமானத்தைக் கண்டுபிடிக்க வழி வேண்டும் என்ற கவலை அவருக்கு. பல்கலைக்கழகம் கொடுத்தது ஆய்வகத்தில் ஓர் இடமும், பொருள்கள் வாங்க 100 டாலரும். அங்கிருந்த இயற்பியலாளர் வில்லியம் ஹான்சன் அமைத்திருந்த, நுண்ணலை உள்ளேயே அதிரும் செம்புக் குழிவை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். குழிவின் இடைவெளியைக் கடக்கும் எலக்ட்ரான்களில் சில வேகம் கூடும், சில வேகம் குறையும். அதன்பின் சற்றுத் தூரம் சும்மா ஓடவிட்டால், பின்னால் வரும் வேகமான எலக்ட்ரான்கள் முன்னால் போகும் மெதுவான எலக்ட்ரான்களைப் பிடித்துவிடும். ஒரே தடத்தில் ஓடும் பஸ்களில் முன்னது தாமதிக்க, பின்னது விரைய, ஒரு நிறுத்தத்தில் மூன்றும் ஒன்றாக வந்து நிற்பதில்லையா, அதேபோல எலக்ட்ரான்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்துவிடுகின்றன. அந்தக் கூட்டம் அடுத்த குழிவைக் கடக்கும்போது தன் ஆற்றலை அங்கே கொட்டுகிறது.

ரிஃப்ளெக்ஸ் வகையில் குழிவு ஒன்றுதான். எதிர் மின்னழுத்தத்தில் இருக்கும் ரிப்பெல்லர் எலக்ட்ரான்களைத் திருப்பி அனுப்ப, அவை அதே இடைவெளிக்கே மீண்டும் வந்து சேர்கின்றன. ரிப்பெல்லருக்கு ரம்பப்பல் அலை கொடுத்து ஆசிலோஸ்கோப்பைப் பாருங்கள். திரையில் வரிசையாக மேடுகள் எழும். ஒவ்வொரு மேடும், எலக்ட்ரான் கூட்டம் எத்தனை சுற்று நேரம் வெளியே இருந்துவிட்டுத் திரும்பியது என்பதைச் சொல்கிறது: ஒன்றே முக்கால், இரண்டே முக்கால், மூன்றே முக்கால். அதிர்வெண்மானியை மெல்லத் திருப்பினால் மேட்டின் மேல் ஒரு சிறு பள்ளம் நகர்ந்து வரும். குவாண்டம் பாடத்தில் வரும் எந்தப் படத்தையும்விட இந்த மேடுகள் எனக்கு நெருக்கமானவை. கன் டயோடில் எல்லாம் ஒரு சிறு படிகத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது. கிளைஸ்ட்ரானில் குமிழைத் திருப்பும் உங்கள் விரல்தான், எலக்ட்ரான் எவ்வளவு தூரம் போய்த் திரும்ப வேண்டும் என்பதை முடிவு செய்கிறது.

ஒரு விதியை மட்டும் மறக்காதீர்கள். எலக்ட்ரான் கற்றையை ஓட்டும் பீம் வோல்டேஜைத் தொடுவதற்கு முன் ரிப்பெல்லரை முழு எதிர் மின்னழுத்தத்தில் வையுங்கள்; விசிறி ஓடுகிறதா என்று பாருங்கள். ரிப்பெல்லரில் எதிர் மின்னழுத்தம் இல்லையென்றால் எலக்ட்ரான்கள் நேரே அதன் மேல் மோதிச் சூடாக்கிக் குழலைக் கெடுத்துவிடும். என் மாணவர்கள் இந்த வரிசையை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் சுவிட்சில் கை வைக்க விடுவேன்.

‘காலம் முடிந்துவிட்டது’ என்பவர்களுக்கு இன்னும் ஒன்று. அதே ஸ்டான்ஃபோர்டில் 1966-இல் இயங்கத் தொடங்கிய 3.2 கிலோமீட்டர் நீள எலக்ட்ரான் முடுக்கியை ஓட்டியவை சுமார் 240 கிளைஸ்ட்ரான்கள். புரோட்டானுக்குள் குவார்க்குகள் என்ற இன்னும் சிறிய துகள்கள் இருப்பதற்கான சான்று அங்கேதான் கிடைத்தது. ஃப்ரீட்மன், கெண்டால், டெய்லர் மூவருக்கும் அதற்காக 1990-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்த முடுக்கிக்கென்றே பின்னர் செய்யப்பட்ட குழல் ஒன்று, ஒரு துடிப்பில் 65 மெகாவாட் தரும். அடிப்படைத் தத்துவம் உங்கள் மேசையில் இருப்பதுதான்.

அம்மாவுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை நடக்கிறது. ‘மேக்னட்ரான் மாற்ற வேண்டும்’ என்று சொல்லி இரண்டு நாள் தள்ளிவைத்துவிட்டார்கள். சமையலறை அடுப்பில் இருப்பதும் மேக்னட்ரான்தான் என்று படித்தேன். அம்மாவின் உடம்பில் நுண்ணலையையா செலுத்துகிறார்கள்? பயமாக இருக்கிறது.
– ஒரு மகள், கரூர்

பயப்படாதீர்கள் அம்மா. நுண்ணலை உங்கள் தாயாரின் உடம்பைத் தொடுவதே இல்லை. அது இயந்திரத்துக்குள்ளேயே தன் வேலையை முடித்துக்கொள்கிறது.

இயந்திரத்தின் உள்ளே ஒரு செம்புக் குழாய் இருக்கிறது. அதற்குள் வரிசையாகக் குழிவுகள். மேக்னட்ரான் தரும் சுமார் 3 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலை அந்தக் குழாய்க்குள் பாய்கிறது. அந்த அலையின் மின்புலம் எலக்ட்ரான்களை உந்தித் தள்ளுகிறது. ஒரு மீட்டருக்கும் குறைவான தூரத்திலேயே அவை 60 லட்சம் வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தாற்போன்ற ஆற்றலைப் பெற்றுவிடுகின்றன. பிறகு டங்ஸ்டன் தகட்டில் மோதுகின்றன. அந்த மோதலில் பிறக்கும் எக்ஸ் கதிர்தான் கட்டியை நோக்கி அனுப்பப்படுகிறது. இவ்வளவு ஆற்றலுக்கு நேரடியாக 60 லட்சம் வோல்ட் கொடுக்கும் இயந்திரம் கட்டுவது என்றால் அதை ஒரு மருத்துவமனை அறைக்குள் வைத்து, நோயாளியைச் சுற்றித் திருப்பவே முடியாது. அதைச் சாத்தியமாக்கியது மேக்னட்ரான்.

அடுப்பில் இருப்பது ஒரு கிலோவாட் அளவில் தொடர்ந்து வேலை செய்வது. சிகிச்சை இயந்திரத்தில் இருப்பது நொடியின் பத்து லட்சத்தில் சில பங்கு நேரமே நீடிக்கும் துடிப்புகளில் 20, 30 லட்சம் வாட் தருவது. குடும்பம் ஒன்று, தரம் வேறு. இன்னும் அதிக ஆற்றல் வேண்டிய இயந்திரங்களில் மேக்னட்ரானுக்குப் பதிலாகக் கிளைஸ்ட்ரான் இருக்கும். 1953-இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் இப்படிப்பட்ட முடுக்கியைக் கொண்டு முதன்முதலாகச் சிகிச்சை தொடங்கினார்கள். போர்க்கால ராடாருக்காக வளர்த்த குழல், போர் முடிந்து எட்டே ஆண்டுகளில் நோயாளியின் படுக்கையருகே வந்து சேர்ந்தது.

மேக்னட்ரான் தேய்மானத்துக்கு உரிய பொருள். உள்ளே சூடேறி எலக்ட்ரான் உமிழும் முனை காலப்போக்கில் களைத்துவிடும். அதை மாற்றுவது வழக்கமான பராமரிப்பு வேலை. மாற்றிய பிறகு மருத்துவ இயற்பியலாளர் கதிர் அளவை மறுபடியும் அளந்து சரிபார்த்துத்தான் இயந்திரத்தைச் சிகிச்சைக்கு விடுவார். அந்த நேரத்தைக் குறைத்துக்கொள்ளாத மருத்துவமனை நல்ல மருத்துவமனை. இடைவெளி விழுந்ததை எப்படி ஈடுகட்டப்போகிறீர்கள் என்று மட்டும் கதிர்வீச்சு மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அம்மா நலம் பெறட்டும்.

பழுதுக்கு வரும் மைக்ரோவேவ் அடுப்புகளிலிருந்து மேக்னட்ரானைக் கழற்றி வைத்திருக்கிறேன். வெளியே வைத்து இயக்கிப் பார்க்கலாமா? உள்ளே என்னதான் இருக்கிறது?
– எலக்ட்ரீஷியன், திருப்பூர்

இயக்கக் கூடாது. ஒருபோதும் கூடாது. அடுப்பின் உலோகப் பெட்டிக்கு வெளியே வரும் அந்த அலை முதலில் பதம் பார்ப்பது கண்ணை. அதைவிட உடனடியான ஆபத்து மின்சாரம்: மேக்னட்ரானுக்குப் போவது 4,000 வோல்ட் அளவு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கபாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும். உங்கள் தொழிலில் கை துணிந்தவர்களைத்தான் இது ஏமாற்றும் என்பதால் இரண்டு முறை சொல்கிறேன்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கும்.

செத்துப்போன, முழுதும் கழற்றிய மேக்னட்ரானைப் பார்த்துப் படிப்பதில் தவறில்லை. அலுமினியத் தகடுகளும், மேலும் கீழும் இரண்டு வளையக் காந்தங்களும் தெரியும். பீங்கான் பகுதியை மட்டும் உடைக்காதீர்கள், அராவாதீர்கள். சில வகைக் குழல்களில் அது பெரிலியம் ஆக்ஸைடாக இருக்கும். அதன் தூள் நுரையீரலுக்குக் கொடியது. நடுவில் இருப்பது ஒரு செம்பு உருளை. அதைக் குறுக்கே அறுத்த மாதிரி ஒன்றை ஆய்வகத்தில் வைத்திருந்தேன். சுற்றுச்சுவரிலிருந்து மையத்தை நோக்கி நீளும் செம்புத் தகடுகள், பெரும்பாலும் பத்து. மையத்தில் சுருள் இழை. ஒன்றுவிட்டு ஒரு தகட்டை இணைத்துச் செல்லும் மெல்லிய வளையங்கள். இழையிலிருந்து புறப்படும் எலக்ட்ரானைக் காந்தப்புலம் வளைத்துவிடுவதால் அது நேரே சுவருக்குப் போக முடியாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. தகடுகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு வாயையும் கடக்கும்போது தன் ஆற்றலில் கொஞ்சம் விட்டுச் செல்கிறது.

இந்த அமைப்பின் முன்னோடி 1940 பிப்ரவரி 21 அன்று பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உயிர்பெற்றது. ஜான் ரேண்டால், ஹாரி பூட் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் செம்புக் கட்டியில் துளைகள் போட்டுச் செய்தது அது. 9.8 சென்டிமீட்டர் அலைநீளத்தில் சுமார் 400 வாட் தந்தது. அந்த அலைநீளத்தில் அவ்வளவு ஆற்றல் அன்றைக்கு உலகில் வெளிப்படையாக யாரிடமும் இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் அதன் ஒரு பிரதி ரகசியமாக அமெரிக்காவுக்குப் போனது. அங்கே எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தபோது, வரைபடத்தில் ஆறு துளைகளும் குழலில் எட்டுத் துளைகளும் இருந்தது தெரிந்து குழம்பினார்கள். அனுப்பியது பின்னர் செய்த வேறு மாதிரி என்பதுதான் விளக்கம். நீங்கள் பார்க்கும் அந்த மெல்லிய வளையங்களை 1941-இல் சேர்த்தவர் அதே பர்மிங்காமைச் சேர்ந்த ஜேம்ஸ் சேயர்ஸ். அவை இல்லாவிட்டால் குழல் அதிர்வெண் தாவும்.

நுண்ணலையில் சூடாக்கிய உணவில் கதிரியக்கம் தங்குமா?
– இல்லத்தரசி, வேலூர்

தங்காது. அடுப்பின் நுண்ணலைத் துகள் ஒன்றின் ஆற்றல் ஓர் எலக்ட்ரான் வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்கு. அணுக்கருவை அசைக்க வேண்டுமானால் பல லட்சம் எலக்ட்ரான் வோல்ட் தேவை.

போருக்காகச் செய்த கருவிகளால் அடிப்படை அறிவியலுக்கு உண்மையிலேயே பயன் உண்டா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், புதுச்சேரி

உண்டு, அதில் எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்க இயற்பியலாளர் சார்ல்ஸ் டவுன்ஸின் கதை. போர்க்காலத்தில் பெல் ஆய்வகத்தில் 1.25 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ராடார் செய்யச் சொன்னார்கள். காற்றிலுள்ள நீராவி இந்த அலையை உறிஞ்சிவிடும் என்று அவர் எச்சரித்தார். ஆனாலும் செய்யச் சொன்னார்கள். ஈரமான காற்றில் அந்த ராடாரின் பார்வை சுருங்கிப்போனது. போர் முடிந்ததும் டவுன்ஸ் அதே அலைநீளக் கிளைஸ்ட்ரான்களை எடுத்துக்கொண்டு, மூலக்கூறுகள் எந்தெந்த அதிர்வெண்ணை உறிஞ்சுகின்றன என்று அளக்க ஆரம்பித்தார். முதலில் அம்மோனியா. அந்த வழியில் போய்த்தான் 1954-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் குழு, மூலக்கூறுகளைக் கொண்டு நுண்ணலையைப் பெருக்கும் மேசரை இயக்கியது. லேசருக்கு அது தாய். 1968-இல் விண்வெளி மேகங்களில் அம்மோனியாவையும், அடுத்த ஆண்டு நீர் மூலக்கூறையும் கண்டறிந்த குழுவிலும் அவர் இருந்தார். ராடாரைக் கெடுத்த நீராவியே விண்ணியலின் அடையாளக் கோடாயிற்று.

அதே கொலம்பியாவில் 1947-இல் வில்லிஸ் லாம்ப், ராபர்ட் ரெதர்ஃபோர்டு இருவரும் ஹைட்ரஜன் அணுவின் இரண்டு ஆற்றல் நிலைகளை நுண்ணலையால் சோதித்தார்கள். எலக்ட்ரானைப் பற்றி இயற்பியலாளர் டிராக் வகுத்த கோட்பாட்டின்படி அவை சமம். சோதனையில் சுமார் 1,000 மெகாஹெர்ட்ஸ் வேறுபாடு தெரிந்தது. ஒளியைக் கொண்டு எவ்வளவு கூர்மையாகப் பார்த்தாலும் ஐயத்துக்கு இடம் விட்ட வேறுபாடு அது. ஒளியும் எலக்ட்ரானும் ஒன்றோடொன்று உறவாடுவதை விளக்கும் குவாண்டம் மின்னியக்கவியல் எழுந்து நின்றது இந்த அளவீட்டின் மேல்தான். போர்க்காலத்தில் மேக்னட்ரான் வேலையில் ஈடுபட்டிருந்த கை லாம்ப்பினுடையது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு சமையல் அடுப்பு வானியலாளர்களைப் பல ஆண்டுகள் குழப்பியதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?
– பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்

உண்மை. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் என்ற ஊரில் 64 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரமே நீடிக்கும் வேக ரேடியோ வெடிப்புகள் என்ற புதிய வகைத் துடிப்பு முதலில் தெரியவந்தது அதன் பதிவுகளில்தான். 2007-இல் அதை அறிவித்தார்கள். கூடவே இன்னொரு வகைத் துடிப்பும் இருந்தது. பார்வைக்கு அதே சாயல், ஆனால் தொலைநோக்கியின் எல்லாப் பார்வைக் கற்றைகளிலும் ஒரே நேரத்தில் தெரியும். அப்படியென்றால் மூலம் அருகில்தான் எங்கோ இருக்க வேண்டும். அதற்குப் பெரிட்டான் என்று பெயர் வைத்தார்கள். அவை வேலை நேரத்தில்தான் வந்தன. எமிலி பெட்ராஃப் உள்ளிட்ட குழு 2015-இல் இதைத் துருவியது. பெரிட்டான் வந்த அதே நேரத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் சத்தம் இருந்தது. வளாகத்தில் இருந்த மைக்ரோவேவ் அடுப்புகளைச் சோதித்தார்கள். நேரம் முடிந்து தானாக அணைந்தால் ஒன்றும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே யாராவது கதவைத் திறந்தால் பெரிட்டான் வந்தது. மேக்னட்ரான் அணையும் அந்தச் சிறு கணத்தில் அதிர்வெண் சரிந்து ஓடுகிறது. அந்தக் கணத்தில் கதவும் திறந்திருக்கிறது.

உங்கள் மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது அடுத்த பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெரிட்டான் பிரிந்துபோனதால் உண்மையான வேக வெடிப்புகள் மேலும் உறுதியாயின. 2020 ஏப்ரலில் நம் பால்வெளிக்குள்ளேயே ஒரு காந்த விண்மீனிலிருந்து (மிக வலிய காந்தப்புலம் கொண்ட விண்மீன்) அப்படிப்பட்ட துடிப்பு பதிவாயிற்று. தங்கள் அளவீட்டில் கிடந்த கசடை இப்படி விடாமல் துரத்தியவர்கள் மேல் எனக்குப் பெரும் மதிப்பு.

வாயேஜர் விண்கலம் இவ்வளவு தூரத்திலிருந்து எப்படிப் பேசுகிறது? அதில் எவ்வளவு பெரிய டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது?
– பத்தாம் வகுப்பு மாணவன், தஞ்சாவூர்

தம்பி, சுமார் 23 வாட். உன் வீட்டு டியூப்லைட் எடுத்துக்கொள்வதைவிடக் குறைவு. 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து அதைக் கேட்கிறார்கள் என்றால், பாதிப் பெருமை பூமியிலிருக்கும் 70 மீட்டர் தட்டுகளுக்கு. மீதிப் பாதி, 1977 செப்டம்பரில் வாயேஜர் 1 கிளம்பியதிலிருந்து அதில் இருக்கும் ஓடலைக் குழலுக்கு.

ஓடலைக் குழலில் ஒரு நீண்ட கம்பிச் சுருள். அதன் நடுவே எலக்ட்ரான் கற்றை. அலை கம்பியைச் சுற்றிச் சுற்றிப் போவதால் முன்னேறும் வேகம் குறைந்து, எலக்ட்ரானின் வேகத்துக்கு இணையாகிறது. இரண்டும் சேர்ந்தே பயணம் செய்ய, வழி நெடுக எலக்ட்ரான்கள் தம் ஆற்றலை அலைக்குக் கொடுத்துக்கொண்டே போகின்றன. இதைக் கண்டுபிடித்த ருடால்ஃப் கோம்ப்னர் வியன்னாவில் கட்டடக் கலை படித்தவர். இங்கிலாந்துக்கு வந்து வீடுகள் வடிவமைத்துக்கொண்டிருந்தார். போர் வந்ததும் அயல்நாட்டவர் என்று அடைத்து வைத்தார்கள். வெளியே வந்தபின் பர்மிங்காம் இயற்பியல் துறையில் சேர்ந்து, 1940-களின் தொடக்கத்தில் இந்தக் குழலை உருவாக்கினார். பெல் ஆய்வகத்தின் ஜான் பியர்ஸ் அதன் கணக்கை வகுத்தார். 1962-இல் கண்டங்களுக்கிடையே தொலைக்காட்சியை அனுப்பிய டெல்ஸ்டார் செயற்கைக்கோளில் இருந்ததும் இந்தக் குழல்தான்.

2024 அக்டோபரில் வாயேஜர் 1 தன்னைக் காத்துக்கொள்ள எக்ஸ் பட்டை எனப்படும் உயர் அதிர்வெண் டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு, 1981-க்குப் பிறகு தொடாமல் வைத்திருந்த, அதைவிடக் குறைந்த அதிர்வெண்ணுள்ள எஸ் பட்டைக்கு மாறியது. நவம்பரில் எக்ஸ் பட்டையை மறுபடி இயக்கினார்கள். அது உயிர்பெற்றது, பேசியது. நீ பெரியவனாகி எதைச் செய்தாலும் அப்படிச் செய்.

கோள்களைப் பற்றி ராடாரால் புதிதாக என்ன தெரிந்தது? – வானியல் ஆர்வலர், கோயம்புத்தூர்

1965 வரை புதன் கோள் 88 நாளில் ஒருமுறை தன்னைத்தானே சுற்றுகிறது, எப்போதும் ஒரே முகத்தைச் சூரியனுக்குக் காட்டுகிறது என்றுதான் பாடநூல்கள் சொல்லின. போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தட்டிலிருந்து கிளைஸ்ட்ரான் ராடார்த் துடிப்பை அனுப்பி, திரும்பி வந்த எதிரொலியின் அதிர்வெண் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பெட்டெங்கில், டைஸ் இருவரும் அளந்தார்கள். சுற்றும் கோளின் ஒரு விளிம்பு நம்மை நோக்கி வரும், மறு விளிம்பு விலகும். அந்த விரிவிலிருந்து சுழற்சி தெரிந்துவிடும். விடை 59 நாள். அதாவது 88-இல் மூன்றில் இரண்டு பங்கு. முக்கால் நூற்றாண்டுக்கால நம்பிக்கை ஓர் அளவீட்டில் முடிந்தது. அரெசிபோ 2020 டிசம்பரில் இடிந்து விழுந்துவிட்டது. கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் தட்டு கிளைஸ்ட்ரான்களோடு சிறுகோள்களை அளக்கும் வேலையைச் செய்திருக்கிறது.

புயல் ராடாரில் இருப்பது மேக்னட்ரானா, கிளைஸ்ட்ரானா? – மீனவர் சங்கப் பொறுப்பாளர், நாகப்பட்டினம்

இரண்டு வகையும் உண்டு. காற்றின் வேகத்தை அறிய, போன அலையின் கட்டத்தையும் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது) வந்த அலையின் கட்டத்தையும் ஒப்பிட வேண்டும். கிளைஸ்ட்ரான், கொடுத்த அலையைப் பெருக்கித் தருவது. எனவே ஒவ்வொரு துடிப்பும் ஒழுங்காக ஒரே கட்டத்தில் புறப்படும். மேக்னட்ரான் ஒவ்வொரு முறையும் தானாகத் தொடங்குவதால் கட்டம் தாறுமாறாக இருக்கும். கிளம்பும்போதே அதை அளந்து வைத்துக் கணக்கில் திருத்திக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் தேசிய வானிலை ராடார்களில் 750 கிலோவாட் கிளைஸ்ட்ரான்கள் இருக்கின்றன. சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002-இல் இயங்கத் தொடங்கிய, இப்படிக் காற்றின் வேகத்தையும் அறியும் டாப்ளர் ராடார் அவற்றைப் போலவே 10 சென்டிமீட்டர் அலைநீளம் கொண்டது. கனமழைக்குள் அந்த அலை அதிகம் தேயாமல் ஊடுருவும் என்பதால்தான் புயல் கரைக்கு அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அணுக்கரு இணைவு ஆராய்ச்சியில் வைரம் பயன்படுகிறது என்று படித்தேன். எதற்கு?
– நகைத் தொழில் செய்பவர், திருச்சிராப்பள்ளி

ஜன்னலுக்கு. உங்கள் தொழிலுக்கு ஏற்ற நல்ல கேள்வி.

இணைவு உலையில் பிளாஸ்மாவை (எலக்ட்ரான்கள் பிரிந்த சூடான வாயு) மேலும் சூடாக்க 140, 170 கிகாஹெர்ட்ஸ் அலை வேண்டும், அதுவும் மெகாவாட் கணக்கில். அலைநீளம் இரண்டு மில்லிமீட்டர்தான். கிளைஸ்ட்ரானின் குழிவை அந்த அளவுக்குச் சுருக்கினால் இவ்வளவு ஆற்றலில் உருகிவிடும். 1960-களில் சோவியத் நாட்டின் கார்க்கி நகரில் வளர்ந்த கைரோட்ரான் வேறு வழியில் போனது. வலிமையான காந்தப்புலத்தில் எலக்ட்ரான் தானாகவே சுழலும். காந்தப்புலத்தின் அளவான ஒரு டெஸ்லாவுக்கு 28 கிகாஹெர்ட்ஸ் என்பது கணக்கு. அதிர்வெண்ணைக் காந்தமே முடிவு செய்வதால் குழிவு அகலமாக இருக்கலாம். 140 கிகாஹெர்ட்ஸுக்கு 5 டெஸ்லாவுக்கும் மேல் வேண்டும். அதற்கு, மின்தடையே இல்லாத மீக்கடத்திக் கம்பியால் செய்த காந்தம்.

அந்த ஒரு மெகாவாட் கற்றை வெற்றிடத்திலிருந்து வெளியே வரும் வாசல்தான் ஜன்னல். எந்தப் பொருளானாலும் கொஞ்சம் உறிஞ்சிச் சூடாகும். சூட்டை விளிம்புக்குக் கடத்தாவிட்டால் வெடித்துவிடும். வெப்பத்தைக் கடத்துவதில் வைரத்தை மிஞ்ச வேறு பொருள் கிடையாது. எனவே வாயுவிலிருந்து படியவைத்து வளர்த்த செயற்கை வைரத் தகடு: விட்டம் சுமார் 10 சென்டிமீட்டர், தடிமன் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு, விளிம்பைச் சுற்றித் தண்ணீர். ஜெர்மனியில் கிரைஃப்ஸ்வால்டு நகரின் வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ் என்ற இணைவு ஆராய்ச்சிக் கருவியில் இப்படிப்பட்ட கைரோட்ரான்கள் பத்து வேலை செய்கின்றன. பிரான்சில் பல நாடுகள் சேர்ந்து எழுப்பும் இணைவு உலையான ஐட்டருக்கு 170 கிகாஹெர்ட்ஸ். நம் நாட்டில் காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ்எஸ்டி-1 கருவிக்கு 42 கிகாஹெர்ட்ஸ் கைரோட்ரான் உண்டு. இதே குடும்பத்தின் சிறிய குழல்கள் புரதங்களின் அமைப்பை ஆராயும் காந்த ஒத்ததிர்வுக் கருவிகளில் 263 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன.

எல்லாவற்றையும் செமிகண்டக்டர் விழுங்கிவிடாதா? இந்தத் துறையில் என் மகளைச் சேர்க்கலாமா?
– தந்தை, ஓசூர்

சில இடங்களை விழுங்கிவிட்டது. பிரான்சின் சோலே சின்க்ரோட்ரான் (எலக்ட்ரான்களை வட்டமாக ஓடவிடும் முடுக்கி) முதலிலிருந்தே 352 மெகாஹெர்ட்ஸ் ஆற்றலை டிரான்சிஸ்டர் தொகுதிகளிலிருந்துதான் எடுக்கிறது. ராடார்களிலும் காலியம் நைட்ரைடு என்ற செமிகண்டக்டர் வேகமாக நுழைகிறது. நான் இதை வரவேற்கிறேன். ஆனால் அதிர்வெண்ணும் ஆற்றலும் சேர்ந்தே உயரும் இடத்தில் கதை மாறுகிறது. செமிகண்டக்டரில் எலக்ட்ரான் படிகத்துக்குள் உரசிக்கொண்டு போகிறது. சூடு பிறக்கும் இடமும் வேலை நடக்கும் இடமும் ஒன்றே, அதுவும் மிகச் சிறிய இடம். வெற்றிடத்தில் உரசல் இல்லை. ஆற்றலைக் கொடுத்து முடித்த எலக்ட்ரானைத் தனியே ஒரு சேகரிப்பானில் விழவைத்து அங்கே குளிர்விக்கலாம். ஐரோப்பிய ஆய்வகமான செர்னில், புரோட்டான்களை ஒன்றோடொன்று மோதவிடும் பெரிய ஹாட்ரான் மோதியில் 16 கிளைஸ்ட்ரான்கள், ஒவ்வொன்றும் 300 கிலோவாட், புரோட்டான்களை ஓட்டுகின்றன.

மகளைத் தாராளமாகச் சேர்க்கலாம். ராஜஸ்தானின் பிலானியில் உள்ள மத்திய மின்னணுப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமும், பெங்களூரில் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் நுண்ணலைக் குழல் மையமும் இந்தக் குழல்களை வடிவமைக்கின்றன. பாரத் எலக்ட்ரானிக்ஸ் உற்பத்தி செய்கிறது. ஓசூரிலிருந்து பெங்களூர் பக்கம்தான். இயற்பியல் அல்லது மின்னணுவியல் பட்டம் போதுமான தொடக்கம். மின்காந்தக் கோட்பாட்டை ஆழமாகப் படிக்கச் சொல்லுங்கள். வெற்றிடத் தொழில்நுட்பம், உலோகத்தையும் பீங்கானையும் காற்றுப் புகாமல் பற்றவைப்பது, எலக்ட்ரான் உமிழும் கேத்தோடு செய்வது ஆகிய மூன்று கைவேலைகளையும் அவர் அங்கே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். கணினியில் வரைந்த குழல் உண்மையில் வேலை செய்வதும் செய்யாததும் பெரும்பாலும் அந்த மூன்றில்தான் இருக்கிறது. சேர்க்கை விவரங்களை அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்புகளில் பாருங்கள். இளநிலை ஆராய்ச்சியாளர் பணிக்கு நெட் அல்லது கேட் தேர்வு மதிப்பெண் கேட்பார்கள் என்பதால், இறுதியாண்டிலேயே அதற்குத் தயாராகத் தொடங்கிவிடுவது நல்லது.